செலான் 2,000… தீர்ப்பு 32 லட்சம்!

புதிதாக வண்டி ஓட்டுபவர்கள் போலீஸுக்குப் பயந்து காகிதம் வைத்துக்கொள்கிறார்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு.

காலை எட்டு மணிக்கு ஜி.என்.டி. சாலையில் புழல் பக்கம் நின்று பாருங்கள். தாம்பரத்தில் தொடங்கும் பைபாஸ் இங்கேதான் கொல்கத்தா நெடுஞ்சாலையோடு சேர்கிறது. துறைமுகத்துக்கு இறங்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள், மணலியிலிருந்து கிளம்பிய டேங்கர்கள், செங்குன்றம் அரிசி மண்டிக்குப் போகும் லோடு வண்டிகள், மாதவரம் பேருந்து நிலையத்துக்கு வரும் ஆந்திர பஸ்கள். இவற்றின் சக்கரங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து நுழைகின்றன பைக்குகள். கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள். முதுகில் உணவுப் பையோடு டெலிவரிக்குப் போகிறவர்கள். பாதிப் பேருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

சாலையோரம் போக்குவரத்துக் காவலர்கள் இரும்புத் தடுப்பை இழுத்துப் போட்ட அடுத்த நிமிடம் காட்சி மாறுகிறது. “செக்கிங்டா, அப்படியே ரிட்டன் அடி!” என்கிறது பின் சீட்டு. பைக் அந்த இடத்திலேயே அரை வட்டம் அடிக்கிறது. வந்த திசைக்கே, எதிரே வரும் டிரெய்லரின் முகத்துக்கு நேராக, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பறக்கிறது. இரண்டாயிரமோ ஐயாயிரமோ அபராதத்திலிருந்து தப்பிக்க நாற்பது டன் வண்டிக்கு எதிரே போகிறார்கள் இரண்டு பிள்ளைகள்.

அந்த வண்டியில் என்ன இல்லாமல் இருந்திருக்கும்? லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம். இன்சூரன்ஸ் முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கலாம். ஆர்.சி. புக்கில் யாரோ மூன்றாவது ஆள் பெயர் இருக்கலாம். இவை மூன்றும் செக்கிங்கில் காட்டுவதற்கான காகிதங்கள் என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். ஒரு விபத்து நடந்து, வழக்கு நீதிமன்றம் ஏறும்போதுதான் அவற்றின் உண்மையான மதிப்பு வீட்டாருக்குத் தெரிகிறது. அப்போது செலான் தொகை யாருக்கும் நினைவிலேயே இருப்பதில்லை.

புழல் சிறைவரை போன ஒரு சாகசம்

இதே ஜி.என்.டி. சாலையில்தான் புழல் மத்தியச் சிறை இருக்கிறது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு இளைஞர்கள் அதிகம் பேசிய கைதி ஒரு பைக் யூடியூபர். செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் டிடிஎஃப் வாசன் ஓட்டிய பைக் தூக்கி எறியப்பட்டது. முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்றதால் நடந்த விபத்து என்றது போலீஸ். கையில் கட்டுப் போட்ட நிலையில் கைதான அவர் புழல் சிறையில் அடைக்கப்பட்டார். அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஜாமீன் தர மறுத்தது. நவம்பர் தொடக்கத்தில்தான் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது.

சிறைவாசத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதைவிடப் பெரிய தண்டனை போக்குவரத்துத் துறையிலிருந்து வந்தது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தை 2033 அக்டோபர் 5 வரை, பத்து ஆண்டுகளுக்கு முடக்கினார்கள். 2024 மே மாதம், செல்போன் பேசியபடி கார் ஓட்டியதாக மதுரையில் மறுபடியும் கைது.

பிரபலத்தின் கதை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். உரிமத்தை முடக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015 ஆகஸ்ட்டிலேயே மாநிலங்களுக்குக் கறாராக எழுதிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிவேகம், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகிய குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை முடக்க வேண்டும் என்றது அந்தக் கடிதம். ஐ.டி. ஊழியருக்கு மூன்று மாதம் பஸ்ஸில் போனால் முடிந்தது. எண்ணூர் லைனில் டிரெய்லர் ஓட்டுபவருக்கும், மாதவரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுபவருக்கும் அது மூன்று மாதச் சம்பளம். முடக்கிய காலத்தில் வண்டியைத் தொட்டால் 182ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

எல்.எல்.ஆர். கையில் இருக்கிறதே!

எல்.எல்.ஆர். வந்த அன்றே நண்பனை ஏற்றிக்கொண்டு பீச்சுக்குக் கிளம்பும் வழக்கம் வடசென்னையில் உண்டு. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் உரிமதாரர் கூடவே இருக்க வேண்டும். பைக்கில் அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றாவது விதியே இதுதான்.

பழகுநர் உரிமமும் உரிமம்தான் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி உடனே கையை விரித்துவிட முடியாது. ஆனால் ‘எல்’ போர்டும் இல்லை, கூட ஆளும் இல்லை, பின்னால் இரண்டு நண்பர்கள் என்றால் நிபந்தனையை மீறிய கதையாகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வழக்காடும்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் விஷயத்தில் சட்டம் 2019இல் மிகக் கடுமையானது. 199ஏ பிரிவின்படி குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெற்றோரும் வாகன உரிமையாளரும்தான். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பத்தாவது பாஸானதற்குப் பரிசாக வண்டிச் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 250 வாட்டுக்கு உட்பட்ட, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்குத்தான் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. கடையில் ‘லாக்’ எடுத்து வேகத்தைக் கூட்டிய நிமிடமே அந்த விலக்கு போய்விடுகிறது. பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுகிறோம் என்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

32 லட்சம் எங்கிருந்து வருகிறது?

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியையும் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. 146ஆம் பிரிவு. மீறினால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம்; மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான பைக்குக்கு ஓராண்டுத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அப்படியிருந்தும் நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையே சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள்.

‘அடுத்த மாசம் போட்டுக்கலாம்’ என்று 714 ரூபாயைத் தள்ளிப்போட்ட மாதத்தில் ஒருவர் மீது மோதி அவர் இறந்துவிட்டால்? சென்னையில் இந்த வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கு வரும். நீதிமன்றத்தின் பெயரில்தான் ‘சிறு’ இருக்கிறது. அங்கே போடப்படும் கணக்கைப் பாருங்கள்.

*பெட்டிச் செய்தி: ஒரு உயிருக்கு நீதிமன்றம் போடும் கணக்கு*

*2009இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. உதாரணத்துக்கு, இறந்தவர் 30 வயதுத் தொழிலாளி. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள்.*

*வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கிறார்கள்: மாதம் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு என்று கால் பங்கைக் கழிக்கிறார்கள்: 15,750. ஆண்டுக்கு 1,89,000. 26 முதல் 30 வயது வரையிலானவருக்குப் பெருக்கும் எண் 17. பெருக்கினால் 32,13,000 ரூபாய்.*

*துணையை இழந்த மனைவிக்கு, தந்தையை இழந்த குழந்தைகளுக்கு, இறுதிச் சடங்குக்கு என்று வரும் தொகைகளும் வட்டியும் இதற்கு மேல்.*

இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் இந்தத் தொகை முழுவதையும் கம்பெனி கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பே கிடையாது. நீதிமன்றம் எவ்வளவு சொன்னாலும் அவ்வளவு. பொருட்சேதத்துக்கு மட்டும்தான் வரம்பு உண்டு: கார், லாரிக்கு 7.5 லட்சம், பைக்குக்கு 1 லட்சம்.

இன்சூரன்ஸ் இல்லையென்றால் உரிமையாளர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் 174ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். திருவொற்றியூரிலோ கொடுங்கையூரிலோ முக்கால் கிரவுண்டில் அப்பா சீட்டுப் போட்டுக் கட்டிய வீடு, மகன் ஓட்டிய பைக்குக்காகப் போகும் வழி இதுதான். விபத்தில் சிக்கிய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஈட்டுத்தொகை கட்டாமல் விடுவிக்கக் கூடாது என்றும், கட்டாவிட்டால் ஏலம் விடலாம் என்றும் விதி இருக்கிறது. ஓடாத பழைய பைக்கின் ஏலப் பணம் எதற்கு ஆகும்?

மறுபக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். மோதியவனிடம் வீடும் இல்லை, சொத்தும் இல்லை என்றால், 32 லட்சத்துக்கான தீர்ப்புக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி இறந்தவரின் குடும்பம் வழக்கில் ஜெயித்தும் தோற்கிறது. என் பார்வையில் இந்தச் சட்டத்தில் உள்ள குற்றங்களிலேயே கொடியது இன்சூரன்ஸ் போடாமல் வண்டியை எடுப்பதுதான். அதற்கு வைத்திருக்கும் அபராதமோ மிகச் சிறியது.

இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும்? பல வழக்குகளில் நீதிமன்றம் ‘முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று தீர்ப்பளிக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் வந்துவிடும். கடன்காரராக நிற்பது ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். வடசென்னையில் பல பைக்குகள் அம்மா பெயரில்தான் இருக்கின்றன. சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கி, மாதா மாதம் டியூ கட்டி, மகனிடம் சாவியைக் கொடுத்த அம்மாவின் பெயருக்குத்தான் அந்த நோட்டீஸ் வரும்.

பின்னால் உட்கார்ந்தவனுக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்வியை எந்த ஷோரூமிலும் யாரும் கேட்பதில்லை. சட்டத்துக்காக மட்டும் போட்ட தேர்ட் பார்ட்டி பாலிசியில் பைக்கின் பின் சீட்டில் இருப்பவர் ‘மூன்றாம் நபர்’ கணக்கில் வரமாட்டார் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரோட்டில் நடந்து போனவருக்கு வரம்பில்லாத பாதுகாப்பு. உங்களை நம்பி ஏறிய நண்பனுக்கு உங்கள் பாலிசியில் எதுவும் இல்லை. மனைவிக்கும் அப்படித்தான். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் பின் சீட்டுக்காரரும் அடக்கம். இதைக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2009இலேயே கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது.

ஓட்டுபவருக்கு? தானே சறுக்கி விழுந்தால் தேர்ட் பார்ட்டியில் ஒரு ரூபாய் வராது. அதற்காகத்தான் 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. ஆன்லைனில் பாலிசி போடும்போது சில நூறு ரூபாய் குறையும் என்பதற்காக ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள் நம் பிள்ளைகள். தயவுசெய்து அந்த இடத்தில் பொய் சொல்லாதீர்கள். இன்னொன்று: இந்தக் காப்பீடு உரிமையாளர் ஓட்டும்போதுதான் செல்லும், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டி, யாரும் மோதாமல் மீடியனில் இடித்து இறந்தால், அப்பாவின் 15 லட்சம் மகனுக்கு வராது. இரவல் வண்டிக்கும் இதே நிலைதான். உரிமையாளரிடம் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், தன் தவறுக்குத் தானே இழப்பீடு கேட்க முடியாது என்பது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வண்டி ஓட்டும் பிள்ளையின் பெயரிலேயே தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வைப்பது ஒன்றுதான் வழி.

சொந்த உபயோகத்துக்கான பாலிசியோடு டெலிவரி வேலைக்குப் போகிறவர்களும் பாலிசிப் பத்திரத்தில் ‘உபயோக வரம்பு’ என்ற பகுதியைப் படிக்க வேண்டும். கூலிக்கு ஆள் ஏற்றுவதும் வாடகைக்குச் சரக்கு எடுப்பதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். வண்டி நொறுங்கி கிளெய்ம் கேட்டுப் போகும்போதுதான் இந்த வரியைச் சுட்டிக்காட்டுவார்கள்.

கன்சல்டிங்கில் வாங்கிய வண்டி

முதல் வண்டி பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்தால் ஆர்.சி.யோடு கையெழுத்திட்ட படிவம் 29, 30 ஆகியவற்றையும் ஒரு கவரில் போட்டுத் தந்துவிடுவார்கள். ‘பேர் மாத்திக்கப்பா’ என்று ஒரு வார்த்தை. யாரும் மாற்றுவதில்லை. அந்தக் கவர் அப்படியே அடுத்த ஆளுக்கும், அதற்கடுத்த ஆளுக்கும் கைமாறுகிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முன் வந்த ஒரு வழக்கில் வண்டி இப்படித்தான் பல கை மாறியிருந்தது. விபத்தில் உயிர் போனது. இன்சூரன்ஸ் இல்லை. வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ந்தது வழக்கு. எப்போதோ விற்றுப் பணம் வாங்கிவிட்டு மறந்துபோன மனிதர் கட்ட வேண்டியவரானார்.

ஆகவே விற்றவருக்குத்தான் அவசரம் அதிகம். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். ஃபைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. என்னும் கடன் பதிவு கேன்சல் ஆகாமல் பெயர் மாறாது. வாங்கும் முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர், இன்சூரன்ஸ், எஃப்.சி. தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். நிலுவையில் உள்ள செலான்களை இ-செலான் தளத்தில் பார்க்கலாம். பார்க்காமல் விட்டால், யாரோ எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பறந்ததற்கான பாக்கியை நீங்கள் கட்ட நேரிடும்.

டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம். 2018 நவம்பரில் விதியையே திருத்திவிட்டார்கள். கேலரியில் வைத்திருக்கும் போட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் அந்தத் தகுதி இல்லை.

*பெட்டிச் செய்தி: அபராதம் எவ்வளவு?*

*மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சம்பவ இடத்திலேயே கட்டும் தொகைகளைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் உயர்த்தியது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது தனிக் குற்றம். ஹெல்மெட் இல்லை என்றால் 1,000. சட்டப்படி மூன்று மாதம் உரிமத்தையும் முடக்கலாம். செல்போன் பேசினால் முதல் முறை 1,000, மறுபடி சிக்கினால் 10,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000.*

*குடித்துவிட்டு ஓட்டினால் நீதிமன்றம்தான்: 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை.*

லோடு வண்டிக்காரர்களுக்கு ஒரு நிம்மதி

சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டிலும் மாதவரம் குடோன்களிலும் சின்ன சரக்கு வண்டி ஓட்டும் இளைஞர்களைப் பல ஆண்டுகள் ஒரு குழப்பம் வாட்டியது. கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு மஞ்சள் போர்டு வண்டி ஓட்டலாமா? ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு முடித்து வைத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு, பயணி வாகனங்களுக்கு இலகுரக வாகன உரிமமே போதும். இனி இதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. பெட்ரோல், கேஸ், அமிலம் ஏற்றும் டேங்கருக்கு இது பொருந்தாது. அதற்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிப் பதிவும் வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கோவை டாக்டரும் ஐந்து வருட பாலிசியும்

புது பைக்கோடு ஐந்து வருட இன்சூரன்ஸ் வருவதற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலை மரணங்களைத் தடுக்கக் கோரி 2012இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டும் புது பைக்குக்கு ஐந்து ஆண்டும் தேர்ட் பார்ட்டி கட்டாயம் என்ற உத்தரவு பிறந்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் இலவசச் சிகிச்சை தரும் திட்டத்தை உடனே கொண்டுவர மத்திய அரசுக்கு 2025 ஜனவரியில் உத்தரவிட்டதும் இதே வழக்குதான். அந்த ஆண்டு மே மாதம் திட்டம் வந்தது: விபத்து நடந்த ஏழு நாளுக்கு, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சை. தமிழகம் 2021 டிசம்பரிலேயே ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டது.

ஐந்து வருடப் பாலிசியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐந்து வருடம் என்பது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலான பாலிசிகளில் முதல் ஆண்டோடு முடிகிறது. தனிநபர் விபத்துக் காப்பீடும் பலருக்கு அப்படியே. ‘அஞ்சு வருஷம் கவலை இல்லை’ என்று நம்பி வண்டி திருட்டுப்போன பிறகு பத்திரத்தை எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆறாவது ஆண்டில் நினைவூட்ட ஷோரூம்காரரும் இருக்க மாட்டார், வண்டியும் கன்சல்டிங் வழியாக வேறு ஒருவரிடம் போயிருக்கும். இன்சூரன்ஸ் இல்லாத பைக்குகள் உருவாகும் இடம் அந்த ஆறாவது ஆண்டுதான்.

விபத்து நடந்துவிட்டால்…

ஓடாதீர்கள். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 மரணங்கள். எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நம் மாநிலத்தில்தான். அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்வதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் தருவதும் 134ஆம் பிரிவு ஓட்டுநர் மீது சுமத்தும் கடமை. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் அது இரண்டு ஆண்டாக இருந்தது. மோதிவிட்டு ஓடினால் பத்து ஆண்டு என்ற உட்பிரிவு லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு அமலாகாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஓடியவரைச் சட்டம் விட்டுவிடுவதில்லை.

பாதிக்கப்பட்டவர் பக்கம் நீங்கள் இருந்தால்: மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். வண்டி தெரிந்தால், யார் தவறு என்று நிரூபிக்காமலே 164ஆம் பிரிவில் 5 லட்சமும் இரண்டரை லட்சமும் கேட்கலாம். முழு இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்கிறது திருத்தச் சட்டம். அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்றாலும் அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். இறந்தவரிடம் லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர் மீதும் தவறு என்று சொல்லிவிட முடியாது என்றும் தீர்ப்புகள் இருக்கின்றன. ‘அவன்கிட்ட லைசென்ஸே இல்லையே, கேஸ் நிக்காது’ என்று யாராவது சொன்னால் நம்பி ஒதுங்கிவிடாதீர்கள். அடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் வழிப்போக்கரைப் பெயர், முகவரி கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 134ஏ பிரிவு காப்பாற்றுகிறது.

எல்.எல்.ஆர். தேர்வில் சாலைச் சின்னங்களைக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். பாலிசிப் பத்திரத்தைப் படிக்கவும் சொல்லித்தர வேண்டும் என்று போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். பயிற்சிப் பள்ளிகளில் ஒரு மணி நேரப் பாடமாக இதை வைத்தால் போதும்.

அதுவரை காத்திருக்காமல், இன்றைக்கே உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது, தேர்ட் பார்ட்டி எந்தத் தேதியில் முடிகிறது, பின் சீட்டுக்கும் ஓட்டுபவருக்கும் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். தேதி முடிந்திருந்தால், புதுப்பிக்கும் வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.